மலையில் சிலை செதுக்கியது யார்?

மதுரையில் ஆட்டோ ஓட்டும் தம்பிகளுக்கும், நான்கு சித்திரை வீதியிலும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் கோயில் வழிகாட்டிகளுக்கும்,

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததிலிருந்து ஊருக்குள் எங்கே போனாலும் உங்கள் வண்டிதான். சிம்மக்கல் தாண்டுவதற்குள் ஒரு கதை, கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு கதை என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வருவீர்கள். மீட்டர் போடாவிட்டாலும் கதை போடுகிறவர்கள் நீங்கள். இந்த மடல் அந்தக் கதைகளைப் பற்றியது.

போன விடுமுறையில் பதினோரு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். தேனி ரோட்டில் நாகமலை கண்ணில் பட்டதும் ஓட்டுநர் தம்பி ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா தம்பி, பாம்பு மாதிரி நீளமா படுத்திருக்குல்ல? மதுரைய அழிக்கச் சமணருங்க ஏவிவிட்ட பாம்பு. சொக்கநாதர் அம்பு விட்டுக் கொன்னாரு. அதுக்கப்புறம் சம்பந்தர் வந்து வாதுல ஜெயிச்சு, எண்ணாயிரம் சமணர கழுவுல ஏத்துனாங்க. ஒருத்தன் மிச்சமில்ல."

பையன் வாயைப் பிளந்து கேட்டான். மலையடிவாரத்தில் தாமரைக்குளம், கருப்பசாமி கோயில், ஆலமரம். படியேறிச் செட்டிப்புடவுக்குப் போனோம். அங்கே உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரைப் பார்த்தான். தொல்லியல் துறையின் பலகையைப் படித்தான். கீழே இறங்கி வண்டியில் ஏறியதும் கேட்டான்: "பாட்டி, சம்பந்தர் எந்த நூற்றாண்டு?" ஏழு என்றேன். "இந்தச் சிலையெல்லாம் ஒன்பது, பத்துன்னு போட்டிருக்கு. ஒருத்தர் மிச்சமில்லாம கொன்னுட்டா, இருநூறு வருஷம் கழிச்சு மலை மேல ஏறிச் செதுக்குனது யாரு?"

ஓட்டுநர் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதான் எனக்கும் புரியல. டீச்சரம்மாவக் கேளு." டீச்சரம்மாவும் "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்று தப்பித்தாள்.

தப்பித்தது போதும். பையனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நாளைக்கு இன்னொரு வண்டியில் இன்னொரு பையன் இதையே கேட்பான்.

முதலில் கல்லில் இருப்பதைச் சொல்கிறேன். சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இரண்டு இடங்களிலும் உள்ள சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். யார் செதுக்கச் சொன்னது, யாருடைய மாணாக்கர் என்று விவரம் இருக்கிறது. அந்த மலையில் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி ஒன்று பாண்டியர் ஆதரவில் நடந்திருக்கிறது. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் இங்கேயும் யானைமலையிலும் இன்னும் பல குன்றுகளிலும் வருகிறது. ஊர் ஊராக நடந்து, மலை மலையாகச் சிலை செய்வித்த மனிதர். ஒளிந்து வாழ்ந்தவர் ஊர் பார்க்கும்படி பாறையில் பெயர் வெட்டிக்கொள்ள மாட்டார். மாங்குளத்துக் குகையில் நெடுஞ்செழியன் பெயரோடு இருக்கும் தமிழி எழுத்து கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது. அங்கே தொடங்கி பத்தாம் நூற்றாண்டு வரை, இடையிடையே தேய்ந்தும் வளர்ந்தும், ஆயிரம் ஆண்டுக்கு மேல் சமணம் மதுரையைச் சுற்றி உயிரோடு இருந்திருக்கிறது.

இனி ஏட்டில் இருப்பது. கழுவேற்றிய கதையை நம்பியாண்டார் நம்பியும், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரும்தான் நமக்கு விரிவாகத் தருகிறார்கள். சம்பந்தருக்கும் சேக்கிழாருக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு. சண்டையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேவாரப் பதிகங்களில் சமணர் மீது கொட்டும் கோபம் விளையாட்டுக் கோபம் இல்லை. அரசன் யார் பக்கம், பள்ளிக்கு விட்ட நிலம் யாருக்கு என்ற வழக்கு அது. அதில் இரத்தம் சிந்தியிருக்கலாம். ஆனால் "ஒருத்தன் மிச்சமில்ல" என்பதைப் பேச்சிப்பள்ளத்துப் பாறை மறுக்கிறது.

எண்ணாயிரம் என்ற அந்த எண்ணை மட்டும் கொஞ்சம் பிடித்து வையுங்கள். நாலடியாருக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. பஞ்சம் பிழைக்கப் பாண்டிநாடு வந்த சமண முனிவர்கள் எண்ணாயிரம் பேராம். திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்களாம். சொல்லாமல் போய்விட்டார்களே என்ற கோபத்தில் பாண்டியன் எல்லா ஏட்டையும் வைகையில் வீசச் சொன்னானாம். நானூறு ஏடு மட்டும் வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்ததாம். அதுதான் நாலடி நானூறு.

சம்பந்தர் கதையில் என்ன நடக்கிறது? அதே வைகை. அதே பாண்டியன் சபை. சம்பந்தர் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறித் திருவேடகத்தில் போய் நிற்கிறது. சமணர் விட்ட ஏடு ஆற்றோடு போகிறது. அங்கேயும் எண்ணாயிரம்.

ஒரே ஆறு, ஒரே எண், ஒரே அற்புதம். ஏடு யாருடையது என்பது மட்டும் கதைக்குக் கதை மாறுகிறது. எந்தக் கதை முந்தியது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டு தரப்பும் ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள், அந்தச் சாட்சி வைகை என்பது மட்டும் தெரிகிறது. மதுரைக்காரன் தீர்ப்புக்கு ஆற்றிடம்தான் போவான் போலிருக்கிறது.

யானைமலைக் கதை இதைவிட ருசி. ஒத்தக்கடைப் பக்கம் சவாரி போகும்போதெல்லாம் நீங்கள் சொல்வதுதான்: சமணர் வேள்வியில் பிறந்த யானையைச் சொக்கநாதர் நரசிங்கக் கணை விட்டு வீழ்த்தினார், யானை மலையானது, கணை நரசிங்கப் பெருமாளாக அங்கேயே அமர்ந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அப்படித்தான் இருக்கிறது. மலையடியில் நரசிங்கர் குடைவரை நிஜமாகவே இருக்கிறது. அதைக் குடைந்தவர் மாறன் காரி. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர். கல்வெட்டில் கலியாண்டு கொடுத்திருக்கிறார், கணக்குப் போட்டால் கி.பி. 770. புராணம் பாடப்பட்டது அதற்குப் பல நூற்றாண்டு கழித்து. கோயில் முதலில் வந்துவிட்டது, அம்பு பிறகுதான் புறப்பட்டது! யானை போலிருக்கும் மலை, அதன் காலடியில் சிங்கமுகச் சாமி, மேலே சமணர் படுக்கைகள், ஒரு பக்கம் இன்னும் வண்ணம் ஒட்டியிருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள். இவ்வளவும் ஒரே மலையில் ஏன் இருக்கிறது என்று ஊர்ப்பிள்ளை எவனாவது கேட்டிருப்பான். அதற்கு யாரோ சொன்ன பதில்தான் அந்தப் படலம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் என்று தள்ள மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கிய கெட்டிக்காரன் அவன். எதிரியின் மலையை எதிரியின் யானையாகவே ஆக்கி, அதை நம் சாமி வென்றதாகவும் முடித்துவிட்டான்.

இந்தச் சாமர்த்தியம் புலவருக்கு மட்டும் சொந்தமில்லை. செட்டிப்புடவு என்ற பெயரையே பாருங்கள். கொழுக்மொழுக்கென்று சம்மணமிட்டிருக்கும் தீர்த்தங்கரரைக் கீழக்குயில்குடிக்காரர்கள் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். சிற்பத்தை யாரும் உடைக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஆளாக்கி வைத்துக்கொண்டார்கள்.

மேலமடை பாண்டி கோயிலிலும் அதே கதைதான். கிடா வெட்டுக்கும் சுருட்டுக்கும் பேர் போன அந்தக் கோயிலில், பாண்டி முனீஸ்வரர் உள்ளே சம்மணமிட்டுத் தவக்கோலத்தில் இருக்கிறார். கோவலனைத் தவறாகக் கொன்ற நெடுஞ்செழிய பாண்டியன்தான் மறுபிறவியில் தவமிருக்கிறான் என்பது நீங்கள் சொல்லும் கதை. அந்த அமர்வைப் பார்த்துவிட்டுப் புத்தராக இருக்கலாம், சமணராக இருக்கலாம் என்பார் ஆய்வாளர். ஐரோப்பாவிலும் இப்படி ஒன்று நடந்தது. புத்தர் அரண்மனை துறந்த கதை பாரசீகம், அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் என்று மொழி மாறி மாறிப் போய், கடைசியில் யோசபாத் என்ற கிறிஸ்தவப் புனிதரின் கதையாகிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை நவம்பர் 27-ஐ அவருக்கு நினைவு நாளாகவே வைத்திருந்தது. அங்கே புத்தருக்கு மெழுகுவத்தி, இங்கே (அவர் புத்தரே என்றால்) கிடா. அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது கள்ளழகர். கை வைக்கப் பயமாகத்தான் இருக்கிறது. சித்திரை மாதத்தில் இதைப் பேசினால் உங்களில் பாதிப் பேர் என்னை ஏற்ற மாட்டீர்கள்.

"தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்தாரு. அதுக்குள்ள தாலி கட்டிட்டாங்க. கோவிச்சுக்கிட்டு ஆத்துல எறங்கி அப்படியே வண்டியூருக்குத் திரும்பிட்டாரு." சின்ன வயதில் என் அம்மா சொன்ன கதையும் இதுதான்.

இப்போது ஒரு சின்ன விஷயம். மீனாட்சி திருக்கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்க ஒரு அண்ணன் வருகிறார். சரியான நேரத்துக்கே வருகிறார். அவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். கோயில் முறைப்படி மணப்பெண் வீட்டு வேலையெல்லாம் அவர் பொறுப்பு. அழகர்கோயில் பட்டர்களைக் கேட்டால், அழகர் வருவது மண்டூக மகரிஷிக்குச் சாப விமோசனம் கொடுக்க என்பார்கள்; கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்பும் வரைக்கும் அழகர் மீனாட்சி கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. இரண்டு கோயில் ஏட்டிலும் இல்லாத அந்தத் தாமதத்தை இலட்சக்கணக்கான பேர் எப்படி மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்?

பதிலில் பாதி தெருப் பெயரில் இருக்கிறது. சித்திரைத் தேர் எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதியில். மாசி மாதத்தில் நடந்த கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்குக் கொண்டு வந்தார். தெரு மட்டும் பழைய மாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. அழகரோ அதுவரை சித்திரைப் பௌர்ணமிக்கு மேற்கே தேனூருக்குப் போய் அங்கே வைகையில் இறங்கிக்கொண்டிருந்தார். அவரையும் மதுரைக்குத் திருப்பிவிட்டார்கள். வண்டியூரில் ஆற்றுக்குள் நிற்கும் மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். தேனூர்க்காரர்களுக்கு அங்கே உரிமையும் மரியாதையும் தொடர்கின்றன. விழாவை இழந்தவர்களுக்குப் பெயர் மிஞ்சியது.

நாயக்கர் ஏன் இதைச் செய்தார்? பெரிய தேருக்கு வடம் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, அறுவடை முடிந்து கையில் காசோடு நாட்டுப்புறத்து ஜனம் சும்மா இருக்கும் மாதம் சித்திரை, மாட்டுச் சந்தையும் கூடும் என்பார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்டவர். தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றியவர். புதிய தலைநகருக்குக் கூட்டம் தேவை. சைவ நகரத்தையும், கள்ளர் நாடு, கோனார்கள், மற்ற குடியானவர்கள் கும்பிடும் மலைப் பெருமாளையும் ஒரே வாரத்துக்குள் கொண்டு வந்து நிறுத்துவது ராஜா காரியம்.

ஆனால் அண்ணன் கோபித்துக்கொண்டார் என்ற கதையை எந்த ராஜாவும் உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. அது ஜனங்கள் சொல்லிக்கொண்டது. பேராசிரியர் தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றி எழுதிய ஆய்வில் இந்த நாட்டார் கதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். கிடைத்தால் படியுங்கள், உங்கள் தொழிலுக்கு அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். சீர் கொண்டு வந்த தாய்மாமன் முறுக்கிக்கொண்டு பந்தியில் உட்காராமல் போவதில்லையா? அந்நியன் வராவிட்டால் யாருக்கும் கவலை இல்லை, சொந்தக்காரன்தான் கோபிப்பான். நகரமும் நாட்டுப்புறமும், சைவமும் வைணவமும் ஒரே ஆற்றங்கரையில் சந்தித்து, உள்ளே போகாமல் திரும்புவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒன்றாகவும் வேண்டும், அவரவர் வாசலும் வேண்டும். அண்ணன் கோபம் என்று வைத்தவுடன் இரண்டும் கிடைத்துவிட்டது. அழகர் கொண்டை போட்டு, கையில் நேரிக்கம்பும் இடுப்பில் கண்டாங்கியுமாகக் கள்ளர் வேடத்தில் வருவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வருகிறவர் வெறும் பெருமாள் இல்லை. ஒரு நாட்டு ஜனத்தின் ஆள்.

வண்டியூரில் இரவு அவர் தங்குவது வீரராகவப் பெருமாள் கோயிலில். ஆனால் ஊர் வாய் அதைத் துலுக்க நாச்சியார் வீடு என்கிறது. கோபித்துக்கொண்ட அழகர் முஸ்லிம் மனைவி வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சிலர் சிரிப்பார்கள், சிலர் இப்போதெல்லாம் முகம் சுளிக்கிறார்கள். சுளிப்பவர்கள் ஸ்ரீரங்கம் வரை போய் வரலாம். அங்கே பெருமாளுக்குத் துலுக்க நாச்சியார் சன்னிதியே இருக்கிறது. ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். டில்லி சுல்தான் மகள் பெருமாள் விக்கிரகத்தின் மேல் காதல் கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள் என்று கோயிலொழுகு சொல்கிறது. கர்நாடகத்து மேல்கோட்டையிலும் பீவி நாச்சியார் உண்டு.

இந்தக் கதைக்கு அடியில் கிடக்கும் வரலாறு இனிமையானது இல்லை. 1311-இல் மாலிக் காபூர் மதுரை வரை வந்து சூறையாடினார். பாண்டிய அண்ணன் தம்பிச் சண்டையில் வாசல் திறந்து கிடந்தது. 1335 வாக்கில் ஜலாலுதீன் அசன்கான் டில்லியிடமிருந்து பிரிந்து மதுரையில் தனி சுல்தானாக ஆனார். சில ஆண்டு கழித்து மொராக்கோவிலிருந்து உலகம் சுற்றிய இபின் பதூதா இங்கே வந்தார். அசன்கானின் மகள் ஒருத்தியை டில்லியில் மணந்தவர் அவர். அப்போதைய மதுரை சுல்தான் கியாசுதீன் தாம்கானி இன்னொரு மகளை மணந்தவர். நம் கணக்கில் சகலை. அந்தச் சகலை பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை எழுதிவிட்டு, இப்படி ஒரு அரசன் செய்து நான் கேட்டதில்லை என்ற அருவருப்போடு அதைக் கண்டிக்கிறார் பதூதா. மதுரையில் கொள்ளைநோய் பரவி ஆட்கள் இரண்டு மூன்று நாளில் சாவதையும் எழுதியிருக்கிறார். பிறகு விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்தார். அவர் மனைவி கங்காதேவி அதை மதுரா விஜயம் என்ற வடமொழிக் காவியமாக்கினார். மீனாட்சி கோயில் கருவறையைச் சுவர் வைத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள், கம்பணன் திறந்தபோது ஏற்றி வைத்த விளக்கு அணையாமல் எரிந்ததாம், மாலை வாடாமல் இருந்ததாம்.

கொலை, கொள்ளை, மூடிய கோயில். அவ்வளவுக்கும் பிறகு அந்தப் படையின் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்து பெருமாளுக்கு மனைவியாக்கி, ரொட்டி சுட்டுக் கொடுத்தது யார்? அதை எந்த அரசவைக் கவியும் பாடியிருக்க மாட்டார். அக்கம்பக்கத்தில் சேர்ந்து வாழ வேண்டியிருந்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு கதை தேவை. கோரிப்பாளையம் தர்காவிலும் இதன் மறுபக்கம் இருக்கிறது. கூன்பாண்டியர் தர்காவுக்கு விட்ட கிராமங்களை 1573-இல் வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததாகக் கல்வெட்டு. சம்பந்தர் நிமிர்த்தியதாகச் சொல்லும் அதே கூன்பாண்டியன் பெயர்! ஏழாம் நூற்றாண்டு அரசன் எப்படி அங்கே வந்தான் என்று கேட்காதீர்கள். மதுரையில் மானியம் நிலைக்க வேண்டுமென்றால் பாண்டியன் ஒருவன் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

கலெக்டர் பீட்டர் கதைக்கு வருகிறேன். வழிகாட்டி அண்ணன்மார் இதை வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறுவதைக் கவனித்திருக்கிறேன். மழை இரவு, இடி, ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து இழுக்கிறாள், ரவுஸ் பீட்டர் வெளியே வந்ததும் பங்களா மேல் இடி விழுகிறது, திரும்பிப் பார்த்தால் சிறுமியைக் காணோம். நன்றியாக அவர் கொடுத்த நவரத்தினம் இழைத்த தங்க அங்கவடிகள் கோயிலில் இருக்கின்றன; குதிரை வாகனத்தில் அம்மன் புறப்படும்போது இன்றும் அவற்றை அணிவிக்கிறார்கள். அங்கவடி நிஜம். 1812 முதல் 1828 வரை அவர் கலெக்டராக இருந்ததும் நிஜம்.

ஆனால் மதுராந்தகத்தில் ஒரு கலெக்டர் கதை இருக்கிறதே, தெரியுமா? லயனல் பிளேஸ். உடையப் போன ஏரிக்கரையில் இராமலட்சுமணர் வில்லோடு காவல் நிற்பதைக் கண்டாராம். மந்திராலயத்தில் தாமஸ் மன்றோ, சமாதியிலிருந்து ராகவேந்திரர் எழுந்து பேசக் கண்டாராம். ஒரு முப்பது ஆண்டுக்குள் மூன்று துரைமாருக்கு மூன்று தரிசனம். தினம் மூன்று வேளை பூசை செய்த பட்டருக்குக் காட்டாத முகத்தைச் சாமி ஏன் கம்பெனி அதிகாரியாகத் தேடிப் பார்த்துக் காட்டியது?

பதில் சட்டப் புத்தகத்தில் கிடைக்கும். சென்னை மாகாணத்தில் 1817-இல் வந்த ஏழாம் ஒழுங்குச் சட்டப்படி கோயில் சொத்து ரெவின்யூ போர்டின் மேற்பார்வைக்குப் போனது. அதாவது, ஜில்லாவில் கலெக்டர்தான் கோயில் கணக்குப் பிள்ளை. பூசைச் செலவு, தேர்ச் செலவு, ஏரி மராமத்து எல்லாம் அவர் கையெழுத்தில். நேற்று வரை அந்த இடத்தில் நாயக்கரும் பாண்டியரும் இருந்தார்கள். அவர்களுக்குச் சாமி கனவில் வந்தது, இவருக்கு நேரிலேயே வரட்டும்! கஜானாச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைப் பக்தர் ஆக்கிக்கொள்வது ஊருக்கு நல்லது. ஊர் தன்னைப் பீட்டர் பாண்டியன் என்று கூப்பிடுவது துரைக்கும் கசக்காது. பீட்டர் ராஜா மாதிரியே வாழ்ந்து, ராஜா மாதிரியே செலவும் செய்தார். அவர் இறந்த பிறகு சர்க்கார் கஜானாவில் பெருந்தொகை குறைந்திருந்தது தெரிய வந்தது. இதையும் சொல்லுங்களேன். அங்கவடியின் மினுக்கு கொஞ்சமும் குறையாது, கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கான்சாகிப் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் உடனே கமல் படத்துக்குப் போய்விடுவீர்கள். 1997-இல் எலிசபெத் ராணி வந்து தொடங்கி வைத்த மருதநாயகம் இன்னும் திரைக்கு வரவில்லை. படத்தின் நாயகனான கான்சாகிப் என்ற யூசுப்கான், முதலில் கம்பெனிக்காகப் பாளையக்காரர்களை அடக்கிய ஆள். பிறகு கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையை மாதக்கணக்கில் காத்து நின்றவர். கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இரண்டு தரம் கயிறு அறுந்தது, தொடைக்குள் வைத்துத் தைத்த தாயத்தை எடுத்த பிறகுதான் உயிர் போனது என்பது கதை. தலை திருச்சிக்கு, கைகால் வேறு வேறு ஊருக்கு, உடல் சம்மட்டிபுரத்தில். கம்பெனியின் பதிவேட்டில் அவர் துரோகி. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலில் வீரர். மீனாட்சி கோயில் நிலங்களின் வருமானத்தை மீட்டுக் கொடுத்த முஸ்லிம் தளபதி என்ற மூன்றாவது முகமும் உண்டு. கான்சாமேட்டுத் தெரு வழியாக நீங்கள் தினம் நாலு தரம் போகிறீர்கள். அந்தக் கான்சா இவர்தான்.

இவ்வளவு எழுதியது உங்கள் கதையைப் பிடுங்கிக்கொள்ள இல்லை. ஒரே ஒரு சொல்லைக் கேட்டு வாங்கத்தான் எழுதுகிறேன். நம் பாட்டிகள் கதை சொல்லும்போது "வந்தாராம், கோவிச்சுக்கிட்டாராம், எரிஞ்சுதாம்" என்பார்கள். அந்த "ஆம்" எவ்வளவு நேர்மையான சொல் தெரியுமா? நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், நீயும் உன் பங்குக்கு யோசித்துக்கொள் என்று அவ்வளவையும் அது ஒன்றே சொல்லிவிடும். நீங்கள் கொஞ்ச நாளாக அதை விட்டுவிட்டீர்கள். "கொன்னாங்க, ஒருத்தன் மிச்சமில்ல" என்று நேரில் பார்த்த சாட்சி மாதிரி அடிக்கிறீர்கள். கைப்பேசியில் வரும் காணொளிகள் அப்படிப் பேசுகின்றன, உங்களுக்கும் தொற்றிவிட்டது. கல்லில் எழுதியிருப்பதற்கு ஆம் வேண்டாம். மாறன் காரி குடைந்தார், அச்சணந்தி செய்வித்தார், அவ்வளவுதான். யானை ஓடி வந்ததாம், அம்பு பறந்ததாம்.

பேரனுக்கும் இதையே சொல்லியாயிற்று. பாதிதான் ஏற்றுக்கொண்டான். மே மாதம் மறுபடி வருகிறான். திருவேடகத்தில் ஒரு ஓலையை ஆற்றில் விட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஒரே ஓலை போதாது, சம்பந்தர் பக்கத்துக்கு ஒன்று, நாலடியார் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான். வைகையில் தண்ணீர் விட்டிருக்கும் நாளாகப் பார்த்து உங்களில் யாராவது வண்டி எடுத்து வாருங்கள். திருவேடகத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. வெயிட்டிங் சார்ஜ் தனியாகத் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வரும் டீச்சரம்மா